கெணத்துக்குள்ள கேமராவ எறக்கறதுக்கு முன்னாடி: வாட்டர்ப்ரூஃப் பை எப்படி வேல செய்யுது

எங்க ஊர்ப்பக்கம் நீச்ச பழகற பசங்களுக்கு முதுகுல சொரப்புருடை கட்டித்தான் கெணத்துல எறக்கி உடுவாங்க. காஞ்ச சொரக்காய், உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து, ஆனா அத அமுக்கி தண்ணிக்குள்ள கொண்டு போகோணும்னு பாத்தீங்கன்னா ரெண்டு கையும் பத்தாது, சித்த கை நழுவுனா மூஞ்சில அடிக்கற மாதிரி மேல வந்து நிக்கும். கேமரா போடற வாட்டர்ப்ரூஃப் பைய வாங்கி மொத தடவ மாமா தோட்டத்துக் கெணத்துல அமுக்குனப்ப எனக்கு அந்தப் புருடை ஞாபகந்தான் வந்துச்சு, அச்சு அசலா அதே வேலையத்தான் அதுவும் பண்ணுச்சு, நான் படம் எடுக்கறத உட்டுட்டு பையோட மல்லுக்கட்டிட்டு கெடந்தேன். படியில உக்காந்து பல்லு வெளக்கிட்டு இருந்த மாமா சித்த நேரம் பாத்துட்டு, "ஏனுங் மாப்ள, நீங்க அத எடுக்கறீங்களா, இல்ல அது உங்கள எடுக்குதுங்களா"ன்னு கேட்டாரு. அவுரு கேட்டதுலயும் தப்பில்ல.

அன்னைக்கு எனக்குத் தெரியாம இருந்தது என்னன்னா, இந்தப் பை தண்ணிய எப்படி வெளில நிறுத்துதுங்கறது. தடிமனான பிளாஸ்டிக், கெட்டியான பூட்டு, அதனால தண்ணி வராது, அவ்வளவுதான்னு நெனச்சுட்டு இருந்தேன். பாதி சரி, மீதிப் பாதி உள்ள இருக்கற காத்துல இருக்குது, அந்தக் காத்து புரிஞ்சிருச்சுன்னா மத்த எல்லாமே தன்னால புரிஞ்சிரும், அதுக்கோசரந்தான் இத எழுதறேன்.

மொதல்ல கடையில என்னென்ன கெடைக்குதுன்னு சொல்லிடறேன். 300, 400 ரூபாய்க்கு வர்ற மொபைல் பவுச் ஒரு வகை, கழுத்துல மாட்டிக்கற மாதிரி கயிறோட, மேல ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அருவிக்குப் போறவங்க எல்லாரு கழுத்துலயும் பாக்கலாம். அடுத்தது கேமராவுக்குன்னே செஞ்ச பை, ஜெர்மனிக்காரங்க எவா-மரீன், கொரியாக்காரங்க டிகாபேக் எல்லாம் இந்த வகை, மெத்துன்னு வளையற பிளாஸ்டிக் பை, லென்ஸ் வர்ற எடத்துல மட்டும் ஒரு வட்டக் கண்ணாடி, சிலதுல உள்பக்கமா வெரல் நொழைச்சு பட்டன் அமுக்கறதுக்கு கையொற மாதிரி ஒண்ணு தெச்சிருப்பாங்க. மூணாவது ஹவுசிங்னு சொல்ற கெட்டிப் பொட்டி, அலுமினியத்துலயோ பாலிகார்பனேட்லயோ அந்தந்த கேமரா மாடலுக்குன்னே அளவெடுத்து செய்யறது, நல்ல கேமராவுக்கு வாங்கப் போனா கேமரா வெலைக்கே வந்து நிக்கும், சிலது லட்சத்தையும் தாண்டும். நம்ம கெணத்துலயும் தொட்டியிலயும் எடுக்கறதுக்கு அவ்வளவு தேவையில்லீங்க, மொத ரெண்டு வகைதான் இங்க பேச்சு.

கெட்டிப் பொட்டிக்கும் பைக்கும் அடிப்படையிலயே ஒரு வித்தியாசம் இருக்குது. தண்ணிக்குள்ள எறங்க எறங்க மேல இருக்கற தண்ணியோட பாரம் நம்ம மேல ஏறும், 10 மீட்டர் எறங்குனா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்க, உங்க போனு 7 சென்டிமீட்டர் அகலம் 15 சென்டிமீட்டர் நீளம்னா 105 சதுர சென்டிமீட்டர், வெறும் 1 மீட்டர் ஆழத்துல, அதாவது நம்ம இடுப்பு ஒசரத் தண்ணியில, அந்த ஸ்கிரீன் மேல 10 கிலோ. 3 மீட்டர்ல 30 கிலோவுக்கு மேல, ஒரு சிமெண்ட் மூட்டையில பாதிக்கும் எச்சு. பொட்டி என்ன பண்ணும்னா தன்னோட கெட்டிச் சுவத்துல அத்தனையும் தாங்கிக்கும், உள்ள இருக்கற காத்து மேல கரையில இருந்த மாதிரியே இருக்கும், வெளில எவ்வளவு அழுத்தம் வந்தாலும் அதுக்குத் தெரியாது. அதனாலதான் பொட்டியில ஓ-ரிங்னு சொல்ற அந்த ரப்பர் வளையம் மேல நெம்ப பாரம் உழுகும், அதுல ஒரு மணலு இருந்தாலும் தண்ணி பீச்சியடிச்சுட்டு உள்ள வந்துரும்.

பை அப்படித் தாங்காது, தாங்கவும் முடியாது, அது வளைஞ்சு குடுக்கும். தண்ணி வெளில இருந்து அமுக்க அமுக்க பை சுருங்குது, சுருங்கறப்ப உள்ள இருக்கற காத்து நெருக்கப்பட்டு அதோட அழுத்தமும் ஏறுது, வெளில எவ்வளவோ உள்ளயும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆயிருது. ரெண்டு பக்கமும் சமமா தள்ளறப்ப தண்ணி உள்ள வர்றதுக்கு அவசரமே இல்லாம போகுது பாருங்க, அதுதான் இந்தப் பையோட சூட்சுமம். 1 லிட்டர் காத்தோட பைய மூடி எறக்குனா 3 மீட்டர்ல அந்தக் காத்து 770 மில்லி சொச்சம் ஆயிரும், 5 மீட்டர்ல 670 மில்லிகிட்ட, 10 மீட்டர்ல பாதி, அர லிட்டர். மேல வந்தா மறுபடியும் பழையபடி உப்பிக்கும்.

இது ஒண்ணும் புதுசுமில்ல. 1893ல பிரான்ஸ்ல லூயி பூட்டான்னு ஒரு கடல் ஆராய்ச்சியாளர் பன்யுல்ஸ் கடற்கரையில முக்குளிச்சு தண்ணிக்கடியில போட்டோ எடுத்தாரு, அவுரு கேமராவ வெச்சது உலோகப் பொட்டியிலதான், ஆனா அதுல ஒரு ரப்பர் பலூனச் சேத்திருந்தாரு, ஆழம் போகப் போக தண்ணி பலூன நசுக்கும், பலூன்ல இருக்கற காத்து பொட்டிக்குள்ள போயி அழுத்தத்தச் சமமாக்கும். நம்ம பைல பலூனும் பையும் ஒண்ணாவே இருக்குது, அவ்வளவுதான்.

ஆனா இந்தக் காத்துக்கு ஒரு எல்ல உண்டு. பையில நெம்ப கம்மியா காத்து உட்டு மூடிட்டீங்கன்னா கொஞ்சம் எறங்குனதுமே பை போய் கேமரா மேல ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கும், அதுக்கு மேல சுருங்க எடமில்ல, அப்பறம் வர்ற அழுத்தம் எல்லாம் கேமரா மேலதான். ஷட்டர் பட்டன் தானா அமுங்கி அது பாட்டுக்கு படமா எடுத்துத் தள்ளும், இல்லாட்டி மெனு பட்டன் அமுங்கி திரையில என்னமோ வந்து நிக்கும், நீங்க என்ன அமுக்குனாலும் கேக்காது. வெளிய நீண்டு வர்ற லென்ஸா இருந்தா அத உள்ள தள்ளி மோட்டாரே போயிரலாம். பை மேல 5 மீட்டர், 10 மீட்டர், 20 மீட்டர்னு ஆழம் போட்டிருக்கறது பை கிழியற ஆழம்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க, பை கிழியாம இருந்தாலும் உள்ள இருக்கற பொருளு வேல செய்யோணும் இல்லீங்களா, அதையும் சேத்துத்தான் அந்த நம்பர் பாக்கோணும். நான் எனக்குன்னு வெச்சிருக்கற கணக்கு, போட்டிருக்கறதுல பாதி. கெணத்துல அதுக்கு மேல போனா வெளிச்சமும் இருக்காது, போயி என்ன பண்றது.

சரி அப்ப நெறையா காத்து உட்டு மூடிக்கலாமேன்னா, அங்கதான் சொரப்புருடை கத. 1 லிட்டர் எடத்த அடைக்கற எந்தப் பொருளையும் தண்ணி 1 கிலோ பலத்துல மேல தள்ளும். கேமராவும் லென்ஸும் சேத்து 1 கிலோன்னு வெச்சுக்கங்க, மூடுன பை 2 லிட்டர் எடம் அடைக்குதுன்னா தண்ணி 2 கிலோவுக்குத் தள்ளும், ஆக 1 கிலோ பலத்துக்கு அது உங்க கைய மேல இழுத்துட்டே இருக்கும். அதோட ஒரு கையில நீச்சலடிச்சு, மூச்சப் புடிச்சு, ஃபிரேம் வேற பாக்கறதுன்னா முடியற காரியமா.

கடல்ல எடுக்கறவங்க ஈயக்கட்டி கட்டுவாங்க. எங்களுக்கு எங்க போறது ஈயத்துக்கு, மாமாவூட்டு அட்டாலியில பழைய தராசோட படிக்கல்லு கெடந்துச்சு, அரைக்கிலோ கல்லு ஒண்ணு, 200 கிராம் ஒண்ணு, ரெண்டையும் பழைய சாக்ஸுக்குள்ள போட்டு பையோட அடிவளையத்துல கட்டுனேன், அதுக்கப்பறம் பை சொன்ன பேச்சு கேட்டுச்சு. இதுல ஒண்ணு கவனிக்கோணும், முழுசா சமமாகற வரைக்கும் கல்லு கட்டாதீங்க. ஏன்னா மேல சமமா மெதக்கற பை 3 மீட்டர் போனதும் சுருங்கிரும், சுருங்குனா தண்ணி தள்ளற பலமும் கொறஞ்சிரும், மேல கூறா இருந்த பை கீழ போனதும் கல்லாட்டம் எறங்கும். 1 லிட்டர் காத்துக்கு 3 மீட்டர்ல 230 கிராம் தூக்கற சக்தி போயிரும்னு வெச்சுக்கங்க, அதனால எப்பவும் ஒரு 300 கிராம் அளவுக்கு மேல வர்ற பக்கமே இழுக்கற மாதிரி உட்டுருங்க. கை நழுவுனாலும் தானா மேல வந்துரும். அப்படி இல்லாம 60 அடிக் கெணத்துல கேமரா அடிக்குப் போச்சுன்னா பாதாளக் கொலுசு போட்டுத்தான் தொழாவோணும், அது வாளிக்குச் செஞ்சது, கேமராவுக்குச் செஞ்சதில்ல.

அடுத்து பையோட வாய். பை ஒழுகுச்சுன்னா பத்துக்கு ஒம்பது தடவ வாயிலதான்னு என் அனுபவம், நடுவுல ஓட்டையாகி நான் பாத்ததே இல்ல. சிலதுல அமுக்கி ஒட்டற வரிவரியான பூட்டு, அத ரெண்டு மூணு மடிப்பு மடிச்சு மேல வெல்க்ரோ ஒட்டோணும், சிலதுல ரெண்டு சட்டத்துக்கு நடுவுல வாய வெச்சு திருகு போட்டு முறுக்கோணும். எந்த வகையானாலும் எதிரி ஒண்ணுதான், நடுவுல மாட்டிக்கற தூசியும் நூலும்.

என்னோட மொத போனு போனது இப்படித்தான். திருப்பூர்ல வேல பாக்கற பங்காளி ஒருத்தன் கட்டிங் வேஸ்ட்டு துணி ஒரு மூட்டை குடுத்திருந்தான், தொடைக்கறதுக்கு ஆவும்னு, அதுல ஒரு துண்ட எடுத்து பவுச்சோட வாய நல்லா, சுத்தமா தொடைச்சேன். தொடைச்சதுதான் தப்பு, ஒரு வெள்ள பனியன் நூலு, கண்ணுக்கே தெரியாது, பூட்டுக்கு நடுவுல குறுக்கா கெடந்திருக்குது. வெளக்குத் திரி எப்படி எண்ணெய மேல இழுக்குது, அதே மாதிரி அந்த நூலு தண்ணிய உள்ள இழுத்திருக்குது, இதுக்கு ஆழமும் வேண்டியதில்ல அழுத்தமும் வேண்டியதில்ல, உள்ளயும் வெளிலயும் சமமா இருந்தாலும் திரி இழுக்கத்தான் செய்யும். நான் முழங்கால் தண்ணியிலதான் நின்னுட்டு இருந்தேன். பத்து நிமிசத்துல போனுக்குக் கீழ ஒரு ஸ்பூன் தண்ணி ஆடிட்டு இருந்துச்சு. பவுச் செஞ்சவன் மேல குத்தம் சொல்லி என்ன, நூலு நம்மூரு நூலு. இப்பெல்லாம் வாய வெறும் வெரல்ல தடவிப் பாக்கறது, வெரலுக்குத் தெரியாத நூலு கம்மி, அப்பறம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சு பூட்டு வரியில எங்காவது ஒடஞ்சு தெரியுதான்னு பாக்கறது. தலமுடி ஒண்ணு இருந்தாக்கூட போதும்.

அதுக்கப்பறம் டெஸ்ட்டு. பை புதுசா இருக்கட்டும் பழசா இருக்கட்டும், ஒவ்வொரு தடவயும் மொதல்ல கேமரா இல்லாம எறக்கோணும். உள்ள டிஸ்யூ பேப்பர நாலு மூலையிலயும் வெச்சு, கேமரா கனத்துக்கு ஒரு கூழாங்கல்லத் துணியில சுத்திப் போட்டு மூடி, அரைமணி நேரம் தொட்டியில அமுக்கி வைங்க. டிஸ்யூவ ஏன் சொல்றேன்னா ஒரு சொட்டுப் பட்டாலும் அது நெறம் மாறி காட்டிக் குடுத்துரும், எந்த மூலைன்னும் தெரியும். தொட்டியில பாஸ் ஆச்சுன்னா கயித்துல கட்டி, நீங்க எறங்கப் போற ஆழத்துக்கு ரெண்டு அடி எச்சாவே உட்டு கால் மணி நேரம் கழிச்சுத் தூக்குங்க. மேல தூக்குனதும் தொறக்காதீங்க, மொதல்ல வெளிப்பக்கத்த ஒட்டுக்கா தொடைச்சு, வாயக் கீழ பாத்து சாய்ச்சு, அப்பறமாத் தொறக்கோணும், இல்லாட்டி மடிப்புல நிக்கற தண்ணி உள்ள சொட்டி டிஸ்யூவ நனைச்சுரும், நீங்க நல்ல பைய ஒழுகற பைன்னு நெனச்சு தூக்கிப் போட்ருவீங்க. இதையும் ஒரு தடவ பண்ணிருக்கறேன்.

இந்த எடத்துல ஒரு கேள்வி வரும், எம்போனு ஐபி68, அப்பறம் எதுக்குங்க பைன்னு. ஐபி எண்ணுல ரெண்டாவது எலக்கம்தான் தண்ணிக்கு, 7ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிசம் தாங்கோணும், 8ன்னா அதையும் மீறி, எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம்னு கம்பெனியே சொல்லிக்கும். ஆனா அந்த சோதனை சும்மா ஆடாம நிக்கற நல்ல தண்ணியில, புது போன வெச்சுப் பண்றது. ரெண்டு தடவ கீழ போட்டு, ஒரு தடவ ஸ்கிரீன் மாத்துன போனுக்கு அந்த நம்பரு செல்லுமான்னு நீங்களே யோசிங்க, அதுவும் தண்ணி பூந்த போனுக்கு வாரண்டி பெரும்பாலும் கெடைக்காது, விதிமுறைய எடுத்துப் படிச்சுப் பாருங்க.

போனுல இன்னொரு தொல்ல, தண்ணிக்குள்ள டச்சு வேல செய்யாது. ஸ்கிரீன் நம்ம வெரலோட மின்னூட்டத்த உணர்ந்துதான் வேல செய்யுது, தண்ணியும் மின்சாரத்தக் கடத்தும், பை போயி ஸ்கிரீன்ல ஒட்டுனதும் முழுத் தண்ணியும் ஒரு பெரிய வெரலாட்டம் தொட்டுட்டு நிக்கும், போனுக்கு எது வெரலுன்னே தெரியாது. அதனால மேலயே கேமராவ ஓப்பன் பண்ணி, வால்யூம் பட்டன ஷட்டரா வெச்சுக்கங்க. அதுவும் சரிப்படலன்னா சுலுவான வழி ஒண்ணு இருக்குது, கரையிலயே வீடியோ ஓட உட்டுட்டு எறங்கி, வீட்டுக்கு வந்து அதுல இருந்து நல்ல ஃபிரேம எடுத்துக்கறது. நெறையப் பேரு இத ஏமாத்து வேலைம்பாங்க, எம்பசங்க குதிக்கறப்ப எடுத்த நல்ல படம் எல்லாமே இப்படி வந்ததுதான்.

கேமராப் பையின்னா கண்ணாடி விசயம் ஒண்ணு இருக்குது. பிளாஸ்டிக் வழியா படம் எடுத்தா மங்கலா வரும், அதுக்குத்தான் லென்ஸுக்கு நேரா கண்ணாடி. லென்ஸோட மூஞ்சி அந்தக் கண்ணாடிய ஒட்டி இருக்கோணும், இடைவெளி உட்டா படத்தோட நாலு மூலையும் கறுத்துப் போகும். இங்கயும் காத்துதான், காத்து எச்சா இருந்தா பை உப்பி கண்ணாடிய லென்ஸ உட்டு தூரமா தள்ளிரும். அதனால ஜூம் லென்ஸா இருந்தா ஒரு எடத்துல வெச்சுட்டு உள்ள போனப்பறம் ஜூம் பண்ற நெனப்பே வேண்டாம்.

ஒரு விசயம் பாத்திருப்பீங்க, தொட்டித் தண்ணிக்குள்ள கைய உட்டா கை பெருசா, கிட்டக்க இருக்கற மாதிரி தெரியும். தண்ணியில இருந்து வெளிச்சம் காத்துக்கு வர்றப்ப வளையறதுதான் காரணம், தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, பொருளு மூணுல ஒரு பங்கு பெருசாவும் கால்வாசி கிட்டக்கவும் தெரியும். கேமராவுக்கும் அதே கததான். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால உங்க 18 எம்எம் லென்ஸு 24 எம்எம் மாதிரி ஆயிரும், அகலமா எடுக்கலாம்னு வாங்குன லென்ஸு அகலம் கம்மியாயிரும். அதனால இருக்கறதுலயே அகலமான லென்ஸ வெச்சுக்கிட்டு, ஆளுக்கு நெம்பக் கிட்டக்கப் போயி எடுங்க. கிட்டக்கப் போறதுல இன்னொரு லாபம், நடுவுல இருக்கற தண்ணி கொறையும், தண்ணி கொறைஞ்சா அதுல மெதக்கற பாசியும் தூசியும் கொறையும், படம் பளிச்சுன்னு வரும்.

தூசின்னதும் ஞாபகம் வருது, ஃபிளாஷ் போடாதீங்க. கேமராவுலயே இருக்கற ஃபிளாஷ் தண்ணியில மெதக்கற ஒவ்வொரு தூசியவும் வெளிச்சம் போட்டுக் காட்டும், படம் முழுக்க பனி பேஞ்ச மாதிரி வெள்ளப் புள்ளி. மோட்டார் ஓடி நின்ன ஒடனேயும் எறங்க வேண்டாம், பசங்க நாலு பேரு குதிச்சு சேறு கெளம்புனதுக்கப்பறமும் வேண்டாம், காலையில மொத ஆளா எறங்குனா தண்ணி தெளிஞ்சு கெடக்கும்.

ஆனா காலையில கெணத்துக்குள்ள வெளிச்சம் இருக்காது, அதுதான் வம்பு. நம்ம பக்கத்துக் கெணறு எல்லாம் பாறைய வெட்டி எறக்குனது, நாலு பக்கமும் செங்குத்தா சுவரு, பதினொண்ணு மணிக்கு மேலதான் சூரியன் தண்ணியத் தொடும், ஒண்ணரைக்கெல்லாம் எதிர்ச்சுவரு மேல ஏறிரும். நம்ம கோயமுத்தூர் இருக்கறது சுமாரா 11 டிகிரி வட அட்சத்துல, வருசத்துக்கு ரெண்டு தடவதான் உச்சிப்பொழுதுல சூரியன் நேரா மண்ட மேல நிக்கும், சித்திரை பொறந்து அஞ்சாறு நாள்ல ஒண்ணு, அதாவது ஏப்ரல் 18, 19 வாக்குல, மறுபடியும் ஆகஸ்ட் 24 வாக்குல ஆவணி மாசம். அந்த நாளுகள்ல பன்னெண்டரை மணிக்கு கெணத்துல எறங்கிப் பாருங்க, வெளிச்சம் விழுது உட்ட மாதிரி அடி வரைக்கும் நேரா எறங்கி ஆடிட்டு இருக்கும். ஆவணிய விட சித்திரைதான் எனக்குப் புடிக்கும், வேசகாலத்துல தண்ணி கம்மியா இருந்தாலும் பள்ளிக்கூடம் லீவு, குதிக்கறதுக்கு பசங்களுக்குப் பஞ்சமே இல்ல.

அப்படி ஒரு நாள்ல நாலு அடி ஆழத்துல மல்லாக்கப் படுத்து மேல பாத்தேன். இத யாரும் எனக்குச் சொல்லல. தண்ணிக்கு மேல இருக்கற மொத்த ஒலகமும் ஒரே வட்டத்துக்குள்ள இருந்துச்சு, கெணத்து மேடு, நாலு தென்ன மரம், மோட்டார் ரூம் ஓடு, எட்டிப் பாக்கற மாமாவோட தல, தோள்ல கெடக்கற துண்டு, எல்லாமே வளைஞ்சு வட்டத்தோட ஓரத்துல ஒட்டிட்டு இருந்துச்சு, வட்டத்துக்கு வெளில வெறும் பச்ச இருட்டு. வெளிச்சம் தண்ணிக்குள்ள வர்றப்ப உள்பக்கமா மடங்கறதனால வானம் முழுசும் 97 டிகிரி கூம்புக்குள்ள சுருங்கி வருது, அதுக்கு வெளில தண்ணியோட மேல்பரப்பு கண்ணாடி மாதிரி கெணத்தோட உள்பக்கத்தையே திருப்பிக் காட்டும். நல்ல அகலமான லென்ஸு இருந்தா அந்த வட்டத்தில பெரும்பகுதிய ஒரே படத்துல அடக்கிரலாம். தண்ணி ஆடாம இருக்கோணும், அதுக்கு மேல இருக்கறவங்க வாய மூடிட்டு சும்மா நிக்கோணும், மாமா சரியா அப்பத்தான் "என்னாச்சுங் மாப்ள"ன்னு ஒரு கல்ல எடுத்துப் போட்டாரு.

நெறம் பத்தி ஒண்ணு. தண்ணி மொதல்ல செவப்பத்தான் குடிக்கும், தெளிஞ்ச கடல்லயே 5 மீட்டர் போனா செவப்பு பெருசா மங்கிரும், அப்பறம் ஆரஞ்சு, அப்பறம் மஞ்சள். கெணத்துல பாசி இருக்கறதனால எல்லாமே பச்சையா சாயும். போஸ்ட் வெட்டிங் ஷூட்டுன்னு பொண்ணு மாப்ளைய தண்ணிக்குள்ள எறக்கறது இப்ப பேஷனாயிருச்சு, செகப்புக் கூறைப்பட்டக் கட்டிட்டு ஆழமா எறங்குனா படத்துல அது மங்கிக் கறுத்துப் போன பழைய துணி மாதிரி இருக்கும், பொண்ணூட்டுக்காரங்க உங்களத்தான் பேசுவாங்க. மூணு அடிக்குள்ள, வெயிலு படற எடத்துல எடுத்தா நெறம் நிக்கும். கேமராவுல கஸ்டம் வைட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளன்னு நாமளே கேமராவுக்குச் சொல்லிக் குடுக்கற வசதி இருந்தா, எடுக்கப் போற ஆழத்துலயே வெள்ள வேட்டி முனையக் காட்டி செட் பண்ணிக்கங்க, கேமரா எதையும் மாத்தாம அப்படியே பதியற ரா ஃபைல்ல எடுத்தா வீட்டுக்கு வந்தும் சரி பண்ணிக்கலாம்.

பைக்குள்ள ஆவி புடிக்கறது இன்னொரு எழவு. கெணத்து மேட்டுல 38 டிகிரி வெயில்ல வேர்த்த கையோட பைய மூடறோம், உள்ள மாட்டுன காத்துல ஈரம் நெறையா, சில்லுன்னு தண்ணிக்குள்ள போனதும் அந்த ஈரம் போயி கண்ணாடி உள்பக்கம் படியும், எல்லாப் படமும் மார்கழி மூட்டத்துல எடுத்த மாதிரி. இத ஒழுகலுன்னு நெனச்சு பயந்துக்கறவங்க உண்டு. ஊட்டுக்குள்ள நெழல்ல, கை காஞ்சப்பறம் மூடுங்க, புது செருப்பு அட்டைப்பொட்டியில வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுல ரெண்டு போட்டுருங்க, லென்ஸுக்கு முன்னால வராத மாதிரி ஒட்டி வெச்சா போதும்.

எங்க எறங்கறதுன்னு கேக்கறவங்களுக்கு, மொத தடவ சிமெண்ட் தொட்டிதான், அப்பறம் படி இருக்கற கெணறு. அமராவதி அணைப்பக்கம் போய் பைய எறக்காதீங்க, அங்க மொதல இருக்குது. வாய்க்கால், அது பிஏபின்னு சொல்ற பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலோ கீழ்பவானியோ, மேல பாக்க சாதுவா இருக்கும், இழுவ தெரியாது, ரெண்டு கையும் கேமராவுல இருக்கறப்ப கரையப் புடிக்க கை இருக்காது. கொடிவேரி அணையில சனிக்கெழம ஞாயித்துக்கெழம ஜனம் நிக்கவே எடமில்ல, தடுப்பு போட்டிருந்தா அதத் தாண்டவும் கூடாது. திருப்பூரு பக்கம் நொய்யல்ல எறக்கோணும்னு யாருக்கும் ஆசை வராதுன்னு நெனைக்கறேன். கெணத்துலயும் மொதல்ல மோட்டார் மெயின ஆஃப் பண்ணி ஃபியூஸ் கேரியரப் புடுங்கி சட்டப்பையில போட்டுக்கங்க, ஆஃப் பண்ணிருக்குதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. மேல நீச்சத் தெரிஞ்ச ஒருத்தரு கயித்தோட உக்காந்திருக்கோணும், போனப் பாத்துட்டு இல்ல, உங்களப் பாத்துட்டு.

எல்லாம் மீறி உள்ள தண்ணி பூந்துருச்சுன்னா வேல செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாக்கற அந்த ஆசைதான் கேமராவக் கொல்லும். ஒடனே ஆஃப், பேட்டரிய வெளில எடு, மெமரி கார்ட எடு, தொடைச்சு ஃபேன் காத்துல வெச்சுட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்க. அரிசி மூட்டையில பொதைக்கறதுல பெருசா பலன் இல்ல, தவிடும் தூசியும் போயி இண்டு இடுக்குல ஒக்காந்துக்கும்.

முடிஞ்சதும் பைய நல்ல தண்ணியில அலசி, நீச்சல்குளத்துல குளோரினோ கடல்ல உப்போ பட்டிருந்தா இன்னும் நல்லா அலசி, நெழல்ல காயப் போடுங்க. வெயில்ல கொடியில போட்டீங்கன்னாலும், கார் டேஷ்போர்டுல போட்டீங்கன்னாலும் பிளாஸ்டிக் வெறைச்சு மடிப்புல வெடிச்சுரும். மடிக்காம, உள்ள பழைய பேப்பரு அடைச்சு, பெட்டியில படுக்க வெச்சிருங்க.

அந்த ஒழுகுன பழைய பவுச்ச நான் குப்பையில போடப் போனேன், மாமா புடுங்கிக்கிட்டாரு. இப்ப அதுல சொசைட்டி பாஸ்புக்கும் சிட்டா நகலும் இருக்குது, மழைக்காலத்துல ஆணியில மாட்டி மோட்டார் ரூம் சுவத்துல தொங்குது, ஓடு ஒழுகுனா மட்டும் நனையாம இருந்தாப் போதும்ங்கறாரு.